அம்புக்குறி இல்லாத படம்

இனிமேல் ஆயுசுக்கும் பரண் ஏறுவதில்லை என்று நம்ம ஆள் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பல் துலக்கிக்கொண்டே எடுத்ததால் பாதி சபதம் நுரையோடு போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டார்.

நம்ம ஆளுக்குத் தொழில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது. ஆபீஸ் வீட்டிலேயே, படுக்கையறைக்குப் பக்கத்து அறை. வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்க ஊரையே சொல்லிச் சொல்லி நிறுத்துகிறவர். வீட்டுக்கு வந்தால், சொல்லாமலே அசையாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தம்மாவின் நெடுநாள் வருத்தம்.

சபதத்துக்குக் காரணம் முந்தின சனிக்கிழமை. பரணை ஒழிக்க வேண்டிய நாள். "ஆபீஸ்ல அவசர வேலை" என்று நம்ம ஆள் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தம்மா கதவைத் திறந்தபோது திரையில் ஒரு சிவப்புக் கார் மலைப்பாதையில் பறந்துகொண்டிருந்தது.

"இதுதான் அவசர வேலையா?"

"வண்டி அவசரமாத்தானே போகுது."

"வர்ற சனிக்கிழமை?"

"அன்னிக்கு நிஜமாவே வேலைம்மா. தலைக்கு மேல கிடக்கு."

"பரணும் தலைக்கு மேலதான் கிடக்கு." அந்தம்மா இடுப்பில் கைவைத்தார். "சரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க ஸ்கிரீனைப் படம் பிடிச்சு என் போனுக்கு அனுப்புங்க. நிஜமா வேலைன்னா, என் தம்பியைக் கூப்பிட்டு நானே பரணை ஒழிச்சுடறேன். அப்புறம் ஆயுசுக்கும் உங்ககிட்ட பரண் பேச்சே எடுக்க மாட்டேன். பொய்னா, நீங்க ஒண்டியா ஏறி ஒழிக்கணும்."

அந்த "ஆயுசுக்கும்" என்ற ஒரு வார்த்தையில் நம்ம ஆள் தொபுக்கென்று விழுந்துவிட்டார்.

திட்டம் ரொம்பச் சின்னது. வாரநாளில் நிஜமாக வேலை பார்க்கும்போது ஒரு புரோகிராம் தானாகவே திரையைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கும். சனிக்கிழமை அதே புரோகிராம் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பும். அவர் நிம்மதியாகக் கார் ஓட்டுவார்.

கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினாலே திரை படமாகிவிடும்தான். அதெல்லாம் சாமானியர் வழி. நம்ம ஆள் கிராபிக்ஸ் கார்டிடமே நேரடியாகப் பேசும் வழியைப் பிடித்தார். "இந்த நொடி திரையில் என்ன வரைந்து வைத்திருக்கிறாய், ஒரு பிரதி கொடுப்பா" என்று புரோகிராம் கேட்கும். கார்டு கொடுக்கும்.

கொடுத்தது, தலைகீழாக. அது கீழ்வரியிலிருந்து எண்ணிக் கொடுக்கிற வகை. வால்பேப்பரில் இருந்த வீட்டுக்காரம்மா வௌவால் மாதிரி தொங்கினார். தொங்கியும் முறைப்பு குறையவில்லை. நிமிர்த்தினார். அடுத்த படத்தில் சிவப்பும் நீலமும் இடம் மாறி, அந்தம்மா நீலமாக முறைத்தார். ஒரு நிறத்தில் முறைத்தாலே தாங்காது என்று அவசரமாக அதையும் சரிசெய்தார். புதன்கிழமை படம் பளிங்கு மாதிரி வந்தது. மூலையில் தெரிந்த கடிகாரத்தைக்கூட மறைத்துவிட்டார். நேரத்தை வைத்துப் பிடிக்க முடியாது. தன் முதுகில் தானே தட்டிக்கொடுக்கப் போய்த் தோள் சுளுக்கிக்கொண்டது.

சனிக்கிழமை வந்தது. கதவு மூடிக்கொண்டது. படங்கள் போயின. கார் பறந்தது.

மத்தியானம் அந்தம்மாவிடமிருந்து பதில் படம் ஒன்று வந்தது. பரண். துடைத்துவிட்ட மாதிரி காலி. ஒரு அட்டைப்பெட்டி இல்லை, ஒரு தூசு இல்லை. நம்ம ஆளுக்கு உற்சாகம் தலைக்கேறி, மலைப்பாதையில் நாலு பேரை முந்தினார். அதில் ஒருவர் ஆம்புலன்ஸ்.

சாயங்காலம், உழைத்துக் களைத்தவர் விடுகிற கொட்டாவி ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தம்மா சோபாவில் கால்நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மேலே பரண். மூடியில்லாத சூட்கேஸ், இறக்கை ஒடிந்த மின்விசிறி, உடம்பு இளைக்க வாங்கித் தான் மட்டும் துரு ஏறிய உடற்பயிற்சி சைக்கிள். எல்லாம் போட்டது போட்டபடி.

"என்னம்மா, பரண் அப்படியே இருக்கு?"

"அப்படியா?"

"ஒழிச்சாச்சுன்னு படம் அனுப்பினியே."

"படம் அனுப்பினேன். ஒழிச்சாச்சுன்னு எப்ப சொன்னேன்?"

நம்ம ஆள் போனை எடுத்து உற்றுப் பார்த்தார். "இது நாம குடிவந்த அன்னிக்கு எடுத்ததாச்சே. சுவத்துல பெயின்ட் புதுசா இருக்கு பார்."

"அட, பழைய படம்னு பார்த்ததுமே கண்டுபிடிக்கறீங்களே. எனக்கு மட்டும் தெரியாதுன்னு எப்படி நினைச்சீங்க?"

நம்ம ஆள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "என் படமெல்லாம் இன்னிக்கு எடுத்ததும்மா. சத்தியமா."

"அம்புக்குறி எங்க?"

"எந்த அம்புக்குறி?"

"மவுசை அசைச்சா ஓடுமே, அது. காலையிலேருந்து வந்த படத்துல ஒண்ணுல கூட இல்ல. நான் படம் பார்த்தே பொழைக்கிறவ. இருக்கறதைவிட இல்லாததுதான் எனக்கு முதல்ல கண்ணுல படும். மவுசையே தொடாம அப்படி என்ன வேலை? அதனால இது பொய்ப் படம்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நம்ம ஆள் பிழைத்திருப்பார். ஆனால் அவரைச் சோம்பேறி என்று சொல்லலாம், தூங்குமூஞ்சி என்று சொல்லலாம், தொழில் விஷயத்தைத் தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார்.

"நிறுத்தும்மா. தெரியாம பேசாத. அம்பு இல்லங்கறதை வச்சுப் பொய்னு சொல்லவே முடியாது. கிராபிக்ஸ் கார்டு திரையைத் தனியா வரையும், அம்பைத் தனியா மேல வைக்கும். நான் கேட்டு வாங்கறது திரையை மட்டும். நிஜமா வேலை பார்க்கறப்ப எடுத்தாலும் இப்படித்தான் வரும்."

"எடுத்துப் பார்த்தீங்களா?"

"பார்க்காம பேசுவேனா? புதன்கிழமை மும்முரமா வேலை. மவுசைத் தேய் தேய்னு தேய்ச்சுக்கிட்டிருந்தேன். அப்ப எடுத்ததுல அம்பு இருக்கா? இல்ல. நீயே பாரு. இன்னிக்குக் காலையில உனக்கு முதல்ல வந்துதே, அதுதான் புதன்கிழமைப்..."

அந்தம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"அம்பு விஷயத்துல நான் சொன்னது தப்புதாங்க" என்றார் அந்தம்மா, மிகவும் பணிவாக. "மன்னிச்சுக்கங்க." சொல்லிக்கொண்டே போய் ஏணியை எடுத்து வந்து சாய்த்தார்.

நம்ம ஆள் ஏறினார். ஏழு தும்மல் தும்மினார். சைக்கிளைக் கட்டிக்கொண்டு திரும்பியபோது, கீழே அந்தம்மா போனை உயர்த்திப் பிடித்து நின்றார்.

"என்னம்மா, படமா?"

"பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பழக்கத்தில், நம்ம ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார்.

"இது எக்ஸ்ரே இல்லீங்க" என்றது கீழேயிருந்து குரல். "இதுல நீங்க அசையணும்."