ரேடியேட்டரில் ஊற்றிய புளித்தண்ணீர்

மாடி போர்ஷனில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மாமா வேம்புலி அவர்களுக்கு, கீழ் போர்ஷனில் இருந்து அக்கா மகன் சரண் பதினான்கு படி தாண்டி எழுதும் கடிதம். இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தை இன்று காலை நீங்கள் கேட்டைச் சாத்திய சத்தத்திலேயே தெரிந்துகொண்டோம்.

மாமா, நேரில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வேனின் ரிவர்ஸ் ஹாரனில் பூனைக் கத்தலை ஏற்றியபோதும், டாஷ்போர்டில் ரப்பர் பல்லியை வைத்தபோதும், நான்தான் என்று முதல் ஆளாக ஓடிவந்து சொல்லிச் சிரித்தவன் நான். இந்த விஷயத்தில் எட்டு நாளாகச் சிரிப்பும் வரவில்லை, சொல்லவும் முடியவில்லை. ஆயுத பூஜை அன்று பாடி மேம்பாலத்தில் உங்கள் வேன் ஆவி விட்டு நின்றதே, அது மெக்கானிக் தேவராஜ் அண்ணன் வைத்த கோளாறு இல்லை. நான் வைத்தது.

அன்று காலை நம் கள்ளிக்குப்பத்தில் தெருவே வண்டி கழுவிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியே கழுவுகிறார்கள், நாம் உள்ளேயும் கழுவினால் மாமா அசந்துபோவாரே என்று நினைத்தேன். செல்போனில் ஒருவர் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து காட்டினார். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற பழைய கூலண்டை அடியில் வடித்துவிட்டு, துருவைக் கரைக்கும் புளிப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, புதுக் கூலண்ட் ஊற்றவேண்டுமாம். நானும் வடித்தேன், பச்சைப் பசேலென்று அரை பக்கெட். மருந்துக்கு எங்கே போவது? குத்துவிளக்கு தேய்க்க அம்மா ஊறவைத்திருந்த புளி கண்ணில் பட்டது. கருத்துப்போன பித்தளையையே பளபளவென்று ஆக்குகிற சாமான், ரேடியேட்டரை விட்டுவைக்குமா? கரைத்து ஊற்றினேன். வடிகட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை மாமா, அம்மா விளக்குக்கு வடிகட்டுவதில்லையே! கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று மூடியைப் போட்டேன், அதற்குள் "டேய், பொரி வாங்கியாடா, நேரமாவுது" என்று அம்மா விரட்டினாள், திரும்பி வந்தால் வேன் இல்லை. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஃபேக்டரி பூஜைக்குப் போகிற ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் பாடிக்குப் புறப்பட்டுவிட்டீர்கள். போன் செய்திருக்கலாம். செய்யாமல் பொரி தின்றேன்.

அப்புறம் உங்கள் போன் தேவராஜ் அண்ணனுக்கு வந்தது, அதற்குப் பத்து நாள் முன்பு ரேடியேட்டர் பைப் மாற்றியது அவர்தானே. நானும் அவர் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன். மேம்பாலத்தில் பின்னால் அத்தனை பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்க, வேனில் வந்த ஜமீலா அக்கா மூக்கை உறிஞ்சி, "அண்ணே, யார் ஊட்ல வத்தக்கொழம்பு? கும்முனு கீது" என்று கேட்டாள். "கீழ ஓட்டல்லேந்து வருது, சும்மா இரும்மா" என்றீர்கள் நீங்கள். மூடியில் கை வைக்கப் போன என்னை, "தொடாத, மூஞ்சி வெந்துடும்" என்று தள்ளிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டுத் திறந்தார் தேவராஜ் அண்ணன். விரலில் ஒட்டியதை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு சிமெண்ட் லாரியைப் பார்த்தேன். அவர் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, "என் மேலதான் தப்பு வேம்புலி. பைப்பு மாத்தசொல்லோ சரியா அலசாம வுட்டுட்டேன்" என்றார்.

"இருவது வருசமா உன்ன நம்பி வண்டிய வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்! இனிமே என் வண்டி மேல கை வெச்சே, மரியாத கெட்டுடும்" என்று அத்தனை பேர் முன்னால் நீங்கள் கத்தினீர்கள். அவர் ஸ்பேனர்களைப் பையில் போட்டார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். என் வாய் ஊரெல்லாம் அளக்கிற வாய், அன்றைக்குப் பார்த்து அதற்கும் அடைப்பு.

இப்போது டீக்கடையில் அவர் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். நேற்று என்னைப் பார்த்து, "மாமா வண்டி ஒழுங்கா ஓடுதாடா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து அவர் ஷெட்டுக்குப் போய்ப் பேசுங்கள் மாமா. என்னையும் கூட்டிப்போங்கள், அவர் எதிரிலேயே அடியுங்கள். இனி எந்த வண்டியின் மூடியையும் தொடமாட்டேன். பாட்டில் மூடி தவிர.

நாகவல்லி அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வேன் சூடேறாமல் நூறாண்டு ஓட வேண்டிக்கொள்ளும்,
தலை குனிந்த மருமகன்,
சரண்

பி.கு.: பிழை பார்க்க இதை நாகவல்லி அத்தையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அத்தை படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அன்னிக்கு சாயங்காலமே உங்க மாமா ரேடியேட்டர்லேந்து ஒரு கைப்புடி புளிச்சக்க எடுத்தாருடா. நேரா தேவராஜ் அண்ணன் ஷெட்டுக்குப் போயி கால்ல வுழாத கொறதான். நீயா எப்ப வாயத் தொறக்குறேன்னு பாக்க ரெண்டு பேரும் நடிச்சிகினு கீறாங்கோ. டீ தெனம் ஒண்ணாத்தான், ஷெட்டுக்குப் பின்னாடி" என்கிறாள். ஆகவே மேலே கண்ட வருத்தம், மன்னிப்பு, அடி வாங்கச் சம்மதம் அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தைக் கிழித்துவிடலாம். ஆனால் மேம்பாலத்தில் தேவராஜ் அண்ணன் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டாரே, அது மட்டும் நடிப்பு இல்லையாம். அந்த ஒரு பாராவை நான் அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக்காட்டப் போகிறேன், அதனால் அதைக் கிழிக்காதீர்கள்.