நான்கு என்று சொன்ன வலி

நன்னிலம்,
புரட்டாசி 20.

சிரஞ்சீவி முகுந்துக்கு, மாமா ராமச்சந்திரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் மாமி நீலாயதாட்சி சௌக்கியம். என்னைப் பற்றிய விவரம் கீழே வருகிறது. உன் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். என் தங்கைக்கு எதையும் ஊர் முழுக்கச் சொல்லும் சுபாவம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "மாமா, எது கேட்டாலும் பரவாயில்லைம்பேள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன். மாத்திரை போதுமா, நரம்பைச் சுத்தி ஊசி போடணுமான்னு வலியை வெச்சுத்தான் தீர்மானிக்கணும். உள்ளதை எழுதி அனுப்புங்கோ" என்றாய். அதன்படி எழுதுகிறேன். நீ வலி வைத்தியத்துக்கென்றே தனியாகப் படித்த டாக்டர், தஞ்சாவூரில் உன்னிடம் தினமும் கூட்டம் என்பதால், உன் நேரத்தை மிச்சப்படுத்தச் சுருக்கத்தை முதலில் தருகிறேன்:

1. வலி இருக்கும் இடம்.
2. அது வந்த விதமும், தாமதத்துக்குக் காரணமும்.
3. வலியின் அளவு: நான்கு.
4. வலியால் வெளியிடங்களில் ஏற்பட்ட விளைவுகள்.
5. ஆகவே ஊசி தேவையில்லை. வெள்ளிக்கிழமை இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

இடம்: இடது பக்கம், மார்புக்குக் கீழே தொடங்கி முதுகெலும்பு வரை நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. மேலே பார்த்தால் லேசான கறுப்புத் தழும்பு தவிர ஒன்றுமில்லை. இதுவே பெரிய சங்கடம். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவன் வலிக்கிறது என்று சொன்னால் அதைக் கேட்பவர் நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஒருவரை அப்படிக் கட்டாயப்படுத்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆடி மாதக் கடைசியில் அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பியது. பக்கத்து வீட்டு அமிர்தம் பார்த்துவிட்டு, "இது அக்கிதான் சார், ரெத்தினத்துக்கிட்ட எழுதிட்டு வந்துடுங்க" என்றார். ரெத்தினம் குடவாசல் சாலையில் பானை வனைபவர். காவி குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசி, பக்கத்தில் ஒரு சிங்கமும் வரைந்தார். மூன்று நாள் காலையில் எழுத வேண்டும் என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். முதல் நாளே, "நான் எழுதுறது எழுதுறேன், நீங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போயிடுங்க சார்" என்று சொன்னவர் அவர். ஒரு நேரத்தில் ஒரு வைத்தியம்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதனால் குணமானது என்று தெரியாது என்பது நானாக வைத்திருந்த முறை. அந்த முறைப்படி மூன்று நாள் சிங்கத்துக்கும், பலனைக் கவனிக்க இரண்டு நாளும் கொடுத்து, ஆறாம் நாள் திருவாரூருக்குப் போனேன். அங்கே டாக்டர் அனீஸா சட்டையைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன சார்?" என்றார். "சிங்கம், டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிங்கத்தின் மேல் கை படாமல் சுற்றிலும் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கும். இப்ப கொப்புளம் ஆறிடும், வலி கொஞ்ச நாள் நிக்கலாம்" என்றார். கொப்புளம் ஆறிவிட்டது. வலி இரண்டு மாதமாக நிற்கிறது.

இனி மூன்றாவது குறிப்பு. நர்ஸ் மங்களாம்பிகை ஓர் அட்டையைக் காட்டினார். அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்களும், எண்ணுக்கு ஏற்றபடி சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரையும் இருந்தன. "உங்க வலி எத்தனை, சொல்லுங்க சார்" என்றார். எனக்கு முன்னால் துரைராசு என்ற விவசாயி உட்கார்ந்திருந்தார். டிராக்டர் கொக்கியில் நசுங்கி அவர் கட்டை விரலில் நகம் இல்லை. அவரிடம் முதலில் கேட்டார்கள்.

"ரெண்டு போட்டுக்கம்மா."

"ரெண்டா? நகமே இல்லீங்களே."

"நகந்தானே. நாளைக்கு நம்ம வயலுக்கு அறுப்பு மெஷின் வருது. பெரிய நம்பரா எழுதி அட்மிட் கிட்மிட் பண்ணிடாதீங்க."

நகமில்லாதவர் இரண்டு சொன்ன இடத்தில், தழும்பு மட்டும் உள்ளவன் என்ன சொல்வது? பத்து என்பது எது என்று கேட்டேன். "நீங்க நினைச்சுப் பாக்கக்கூடிய மோசமான வலி" என்றார். பிரசவம், சிறுநீரகக் கல், புற்றுநோய் என்று நினைத்துப் பார்த்து, அவற்றுக்கு உரிய இடங்களை ஒதுக்கிய பிறகு எனக்கு நான்குக்கு மேல் மிச்சமில்லை. தவிர, வலி ஒரே சீராக இல்லை. அலை அலையாக வருகிறது. ஆற்று மதகுகளில் நீர்மட்டம் குறித்து அனுப்பும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். தண்ணீர் அலையடித்தால் அலையின் அடியைத்தான் படிப்பேன். மேல் விளிம்பை எழுதினால் நாலு ஜீப் கிளம்பி வரும், பத்துப் பேருடைய சாப்பாடு கெடும். இதையும் நர்ஸிடம் விளக்கினேன். "சார், இது ஆறு இல்ல, உங்க முதுகு" என்றார். நான்கு என்றே எழுதச் சொன்னேன். நான்குக்கு உரிய மாத்திரையைக் கொடுத்தார்கள். அது வேலை செய்யவில்லை என்பதை உண்மையின் பொருட்டுச் சொல்கிறேன்.

நான்காவது: சட்டைத் துணி பட்டால் நெருப்புத் துண்டை வைத்தாற்போல இருக்கிறது. வீட்டில் சட்டையில்லாமல் இருக்கிறேன். நம் பக்கத்தில் வயதானவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பது ஆரோக்கியத்தின் அடையாளமாகையால் யாரும் விசாரிப்பதில்லை. வெளியே போனால் துணி உடம்பில் படாமல் இருக்க இடது கையால் சட்டையை விலக்கி, அந்தக் கையை இடுப்பில் ஊன்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் யார் முன்னாலும் இடுப்பில் கை வைத்து நின்றவனில்லை நான். போன வாரம் வீட்டு வரி கட்டப் போனேன். வரிசை தானாக விலகி வழிவிட்டது. உள்ளே ஒருவர், "யாருப்பா அது, விஜிலென்ஸா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்கு மறுநாள் மகள் ரோஹிணியின் மாமனார் வந்தார். மரியாதைக்காகச் சட்டை போட்டுக்கொண்டேன். பேத்திக்குக் காது குத்துவதை அவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் நான் எழுந்து நின்றேன். இடுப்பில் கையோடு நின்ற என்னைப் பார்த்தவர் நான் வாய் திறப்பதற்குள், "நீங்க இவ்வளவு தீர்மானமா நிக்கறச்சே நாங்க என்ன சொல்றதுக்கு இருக்கு? உங்க ஊர்லயே நடத்திடுங்கோ" என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். இப்போது ஐப்பசியில், அடைமழையில், அறுபது பேருக்கு இங்கே சாப்பாடு. மகள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஐந்தாவது குறிப்புக்கு விளக்கம் அதிகம் வேண்டாம். முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஊசி என்பது எனக்குப் பயமாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம். ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல என்றே நினைக்கிறேன். நான்கு உள்ளவன் எட்டு உள்ளவருடைய இடத்தில் படுப்பது நியாயமில்லை. உனக்கும் உன் குடும்பத்துக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் மாமா,
ராமச்சந்திரன்.

பின்குறிப்பு: கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்ப உன் மாமியிடம் கொடுத்தேன். படமெடுக்க வேண்டியவள் உட்கார்ந்து படித்துவிட்டாள். "நாலுன்னு யார் சொன்னா?" என்றாள். நான் அலையின் அடியை விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. "தினம் நான் காய் நறுக்கறச்சே பேப்பர் வாசிப்பேள். ரெண்டு மாசமா கொட்டை எழுத்தோட நிறுத்திடறேள். அந்த பாங்க் திருடனைப் பிடிச்சாளா இல்லையான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்றாள். நான் முழுவதும் வாசித்துவந்ததாகவே நினைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க இன்றைய பேப்பரை எடுத்து ஒரு செய்தியை உரக்க வாசித்தேன். மூன்றாம் வரியில் வலி அலை வந்து நின்றுபோனேன். பிறகு அந்த வரி எது என்று தேடி எடுக்க முடியவில்லை. "எங்கிட்ட ஏன்னா சொல்லலை?" என்று கேட்டாள். அவள் எத்தனை போடுவாள் என்று கேட்டேன். எட்டு என்றாள். ஆட்சேபிக்க முயன்று பார்த்தேன், காரணம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் வருகிறோம். அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. மூன்றாவது குறிப்பு தவறு.