கூட்டம் வராத படத்துக்குத் தேசிய விருது

தேசியத் திரைப்பட விமர்சகர் விருதின் வரலாறு மாசற்றது. அதில் ஒரு ஊழல் இல்லை, ஒரு சிபாரிசு இல்லை, ஒரு ரசிகனும் இல்லை.

முன்னொரு காலத்தில் அரசாங்கம் ஒரு விருது கொடுத்துக்கொண்டிருந்தது. எந்தப் படத்துக்குக் கூட்டம் முண்டியடித்ததோ அதற்கே விருது. இதைப் பொறுக்க மாட்டாத விமர்சகர்கள் சிலர் ஒரு தியேட்டர் கேன்டீனில் கூடி, கூட்டத்துக்கும் கலைக்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானம் போட்டுச் சங்கம் தொடங்கினார்கள். நியாயமான பேச்சுதான். நான் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பேன். ஆனால் நம் ஆட்கள் கையில் ஒரு நியாயம் சிக்கினால் சும்மா விடுவார்களா? அடுத்த வருடமே அந்தத் தீர்மானம் வளர்ந்து, ‘கூட்டம் வந்தால் அது கலையே அல்ல’ என்றாகிவிட்டது. அதை அமல்படுத்த ஒரு துணைக்குழுவும் வந்தது. பெயர், காலி இருக்கை ஆய்வுக்குழு.

இந்தக் குழுவினர் தியேட்டருக்குள் போவார்கள். திரைக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். டார்ச் அடித்து இருக்கைகளைப் பார்வையிடுவார்கள். இருக்கை மடிந்திருந்தால் கலை, விரிந்திருந்தால் வியாபாரம். இப்படி வருடாவருடம் தேசத்தின் தலைசிறந்த படத்தை அவர்கள் முதுகாலேயே தேர்ந்தெடுத்தார்கள்.

இடையில் ஒரு வருடம் விபத்து நேர்ந்தது. விருது கிடைத்ததைக் கேள்விப்பட்டு ஜனங்கள் அந்தப் படத்துக்குப் போய்விட்டார்கள். சங்கம் பதறிப்போய் ஒரு துணைவிதி சேர்த்தது. விருதுக்குப் பின் கூட்டம் வந்தால் விருது திரும்பப் பெறப்படும். கூட்டம் கலைந்தால் மீண்டும் வழங்கப்படும். கருணையுள்ள சங்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இந்த நிலையில்தான் நம் இயக்குநர் தம் முதல் படத்தை எடுத்து முடித்தார். தயாரிப்பாளர் அவருடைய மாமனார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். படம் வெளியான அன்று காலை மருமகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மாப்பிள்ளை, எனக்குச் சினிமா தெரியாது. ஒண்ணு, படத்துக்குக் கூட்டம் வரணும். இல்ல, விருது வரணும். ரெண்டுல ஒண்ணாவது நிலைச்சு நின்னா அடுத்த படத்தைப் பத்திப் பேசுவோம்.”

“நிக்கலேன்னா மாமா?”

“கடைக்கு வந்துடுங்க. டைல்ஸ் அடுக்க ஆள் இல்லை.”

இயக்குநருக்கு வேறு வேலை தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. ஆறு வருடமாக அந்த ஒரு படத்தையே நினைத்துக்கொண்டு சாப்பிட்டவர், தூங்கியவர். தியேட்டர் வாசலில் தூணோடு தூணாக நின்றார். முதல் நாள் ஈ, காக்கைகூட வரவில்லை. இரண்டாம் நாள் ஆய்வுக்குழு வந்தது.

சங்கத் தலைவர் டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் மலர்ந்தது. கடைசி வரிசையில் வந்து வெளிச்சம் நின்றது.

“அங்க ஒருத்தர் உக்காந்திருக்காரே!”

“அவர் தூங்குறாருங்க,” என்றார் தியேட்டர் மேனேஜர். “ஏ.சி.க்காக வந்தவர்.”

“படத்தைப் பாக்கலையே?”

“குறட்டை கேக்குது பாருங்க.”

தலைவர் காது கொடுத்துக் கேட்டார். “சரி. கண் மூடியிருக்கிறவரை அவரால கலைக்குப் பங்கம் இல்லை,” என்று தீர்ப்புச் சொன்னார். ஏகமனதாக விருது அறிவிக்கப்பட்டது. ஆளுயரக் கேடயம் ஒன்று ஆட்டோவில் வந்து இறங்கியது.

மாமனார் கேடயத்தைத் தட்டிப் பார்த்தார். “நல்ல கனம். அடுத்த படத்துக்குக் கதை யோசிங்க, மாப்பிள்ளை!”

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு வாசலைப் பார்த்தால், அங்கே வரிசை நிற்கிறது!

விருதுப் படம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வது அப்போது ஊரில் புது நாகரிகமாக இருந்தது. பாதிப் பேர் போஸ்டர் பக்கத்தில் நின்று, கன்னத்தில் விரல் வைத்துச் சிந்திக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் தியேட்டர் நிரம்பிவிட்டது. விளக்கு அணைந்து எழுத்துகள் ஓட ஆரம்பித்தபோது தலைவர் டார்ச்சோடு உள்ளே நுழைந்தார். எல்லா இருக்கையும் விரிந்து கிடந்தது.

“மேற்படி விருது இந்த நிமிடம் முதல் திரும்பப் பெறப்படுகிறது,” என்று திரைக்கு முன்னால் நின்று கனத்த குரலில் அறிவித்தார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். “விருது இல்லையா? அப்புறம் எதுக்கு நாங்க உக்காந்திருக்கோம்?”

“அதானே,” என்றார் அவர் மனைவி. “பக்கத்து வீட்டுல போய் என்னன்னு சொல்றது?”

எழுத்துகள் ஓடி முடிவதற்குள் கடைசி ஆளும் போய்விட்டான். இருக்கைகள் பட்பட்டென்று மடிந்தன. தலைவர் மீண்டும் டார்ச் அடித்தார். விதி விதிதானே? “மேற்படி விருது மீண்டும் வழங்கப்படுகிறது!”

வெளியே போனவர்கள் இதைக் கேட்டதும் திரும்பி ஓடி வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் விருது போனது. விருது போனதும் அவர்கள் போனார்கள். கேடயம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததில் ஆட்டோக்காரர் கடைசியில் இன்ஜினை அணைப்பதையே விட்டுவிட்டார். படமோ எழுத்துகளைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போட்டுப் போட்டு ஆபரேட்டருக்குக் கை வலித்தது.

இயக்குநர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, ஒரே ஒரு தடவை முழுசா ஓட விடுங்க. நீங்களும் திரும்பி நின்னு பாருங்க.”

“நானா?” தலைவர் கையை உதறிக்கொண்டார். “பாத்தா எனக்குப் பிடிச்சுப்போயிடலாம். அப்புறம் நடுநிலைமை என்னாகுறது?”

சாயங்காலம் மேனேஜர் படத்தைத் தூக்கிவிட்டார். யாரும் இல்லாத தியேட்டரில் படமும் இல்லை என்பதால் விருது நிலைக்குமா, நிலைக்காதா என்று சங்கம் இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறது. கேடயம் யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் ஆட்டோக்காரர் வீட்டில் இருக்கிறது. துணி காயப்போட வசதியாம்.

“கூட்டமும் வந்துச்சு, விருதும் வந்துச்சு,” என்றார் மாமனார், குரலில் கோபமே இல்லாமல். “எதுவும் நிக்கல. நாளைக்குக் காலையில கடைக்கு வந்துடுங்க, மாப்பிள்ளை.”

இப்போது இயக்குநர் கடையில்தான் இருக்கிறார். டைல்ஸை நன்றாகவே அடுக்குகிறார். விஷயம் தெரிந்தவர்கள் வந்தால், எத்தனை பேர் வந்தார்கள், விருது கைக்கு வந்ததா என்று விசாரிப்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது கேட்பார்களா என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆறு வருடம் பாடுபட்டு எடுத்தவர் அல்லவா? படத்தில் என்ன கதை என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்க மாட்டானா என்று ஏங்குகிறார்.

இவ்வளவு தூரம் படித்த நீங்களும்தான் கேட்கவில்லை. என்னைக் கேட்டுப் பயனில்லை. நான் அங்கே போனது பாத்ரூமுக்கு டைல்ஸ் வாங்க.