காணாமற்போன மேடு

"மேட்டைக் காணோம் சார்!"

போனில் சத்யபிரியா போட்ட கூச்சலில் பேராசிரியர் ஏசுபாதத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நேத்து வரைக்கும் இருந்துதேம்மா?"

இருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்றே தோன்றியது. கண்ணாடிச் சில்லில் பூசிய மஞ்சள் நிறப் படிகத்தின்மேல் ஒரு லேசர் துடிப்பை அடித்து, விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு கழித்து இன்னொன்றை அனுப்பி, அதற்குள் படிகத்தில் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஐந்து வருடமாகத் திரையில் தட்டையான கோடுதான். அன்றுதான் முதன்முதலாகக் குன்றத்தூர் மலை மாதிரி ஒரு மேடு! உலகத்தில் யாரும் பார்க்காததைத் தாம்பரத்தில் அவள் பார்த்துவிட்டாள். இருட்டறையில், ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியோடு அப்படியே குதித்தாள்.

அந்த மேட்டைப் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து டாக்டர் ராஜகோபால் விமானத்தில் வந்திருந்தார். அவர் தலையாட்டினால் பட்டம். இல்லாவிட்டால் ஆறாவது வருடம்.

"இப்ப எங்க சார் இருக்காரு?"

"பல்லாவரம் தாண்டிட்டாராம்!"

சத்யபிரியா லேசரின் வலுவைக் கூட்டினாள். கோடு அசையவில்லை. ஏசியின் அதிர்வாக இருக்கும் என்று அதை அணைத்தாள். அறை சூடேறி, ஒளியைத் திருப்பிவிடும் ஆடிகள் இம்மி நகர, தட்டைக் கோடு வெடவெடக்கத் தொடங்கியது.

"பிரியா, குரோம்பேட்டை!"

"ஜிஎஸ்டி ரோட்ல டிராபிக்கே இல்லையா சார்?"

"இன்னிக்குன்னு பார்த்து ரோடு காலியாம்மா!"

பதினாறு ஆடிகளையும் திருகினாள். இப்போது கோடே இல்லை. அழுகை வந்தது. ஆனாலும் மூன்று நாள் கண்ணால் பார்த்தது பொய்யாகுமா? மறுபடி ஒவ்வொன்றாகத் திருகினாள். கோடு வந்தது, பழையபடி தட்டையாக.

வாசலில் பேச்சுக்குரல். ராஜகோபால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் முனியம்மா, விருந்தாளிக்கு டீயோடு அவரை முந்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா பாப்பா, இப்டி வேர்த்துகினு கீது?"

"இந்தச் சில்லுல மூணு நாளா என்னமோ புதுசா இருந்துச்சுக்கா. இன்னிக்கு இல்ல!"

"அதுவா? பூஜையன்னிக்கு நான் வெச்ச மஞ்சப் பொட்டு பாப்பா. காஞ்சி உதிருதேன்னு காத்தாலதான் தொடச்சி வுட்டேன். திரும்ப வெக்கட்டா?"