வீட்டுக்கடியில் உடும்பு, அடுக்களையில் மூஞ்சூறு

பீமா நகரில் வசிக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஜஃபாரு அவர்களுக்கு, கொமோதோ தீவிலிருந்து தங்கள் தங்கை புருஷன் இஷாகா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், ஆட்டைத் தவிர.

மகள் ஹமினாவின் கல்யாணத்துக்கு வருவதானால் வீட்டுக்கடியில் கிடக்கும் ஓரா முதலில் போகவேண்டும் என்று தாங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. அந்த உடும்பைப் பற்றித் தங்களுக்குத் தவறான அபிப்பிராயம். ஆளைவிட நீளம் என்பது உண்மை. விருந்துக்கு வளர்த்த ஆட்டைக் கொம்போடு விழுங்கியதும் உண்மை. ஆனால் விழுங்கிவிட்டு, வீட்டைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே படுத்ததுதான், கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. இன்னும் ஒரு மாசத்துக்கு அதற்குப் பசிக்காது என்கிறார் வனக்காவலர். மேலும், ஓரா நமக்குக் கூடப்பிறந்தது என்று ஊரே சொல்லும்போது, சொந்தக்காரனைக் கல்யாண சமயத்தில் எப்படித் துரத்துவது? நான் தினமும் ஏணியில உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருக்கேன். வலை பின்னுற வேலை அப்படியே கிடக்கு.

உண்மையான ராட்சசன் அடுக்களையில இருக்கு மச்சான். உள்ளங்கையில அடங்குற மூஞ்சூறு. ராத்திரி பகல் இல்லாம தின்னுக்கிட்டே இருக்கு. கரப்பான், புழு, விருந்துக்கு வச்ச கணவாய்க் கருவாடு, எதையும் விடல. கொஞ்சம் நிறுத்தினா உயிர் போயிடுமோ என்னமோ, அவ்வளவு அவசரம். இது உடும்பு அளவு வளந்திருந்தா தீவு மிஞ்சியிருக்காது.

நேத்து அது கீழே இறங்கி உடும்போட மூக்குக்கு முன்னாலேயே போச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன். எருமையையே சாய்க்கிற ஓரா, நாக்கை நீட்டிப் பாத்துட்டு, அந்த நாத்தம் தாங்காம மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. ஆச்சரியத்துல ஓடிப்போய் நுர்மிகிட்ட சொன்னேன். "அதுகூடத் திருப்பிக்குது. இத்தனை வருஷமா நீங்க மீன் நாத்தத்தோட வந்து உக்காருறீங்க, நான் திருப்பினேனா?"ன்னு கேட்டா உங்க தங்கச்சி.

ஆகவே உடும்புக்குப் பயப்படாமல் குடும்பத்தோடு வரவும். வரும்போது மூஞ்சூறுக்கு நல்ல பொறி ஒன்று கொண்டுவரவும். தங்கள் முழங்காலுக்கும் கடைக்கும் அல்லாஹ் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
இஷாகா

பின்குறிப்பு: பொறி வேண்டாம். இன்னைக்குக் காலையில மூஞ்சூறு குட்டிகளோட வெளியே வந்துச்சு. ஒண்ணோட வாலடியை இன்னொண்ணு கவ்விக்கிட்டு, கயித்துல கோத்த படகு மாதிரி வரிசையா. கரண்டியை ஓங்கின நுர்மி அப்படியே ஒதுங்கி வழி விட்டா. எங்கே போகுதுகன்னு குனிஞ்சுக்கிட்டே பின்னால போனேன். வீட்டுக்கடியில உடும்பைக் காணோம். ஊர்ல யாரும் பாக்கலையாம். படகுத்துறையில கீழே பாத்து இறங்குங்க மச்சான்.