குழாயக்கா தகுதி பெற்ற கதை

வேலை இல்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடங்களுக்கு நிதி வழங்குவதென்று அரசாங்கம் பெருந்தன்மையுடன் முடிவு செய்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். தகுதி மட்டும் இருக்க வேண்டும். அந்தத் தகுதி என்னவென்று தீர்மானிப்பதற்காகவே ஓர் அலுவலகம், மாடியில், குளிர்சாதன வசதியோடு இயங்கி வந்தது.

குழாயக்காவின் பயிற்சிக்கூடம் ஒரு பழைய லாரி ஷெட். அதன் சுவர்களில் குழாய்கள் ஏறி, இறங்கி, வளைந்து, எங்கும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு கசிவை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பாள். மாணவர்கள் குழாயில் காதை வைத்துக் கேட்டு, விரலால் தடவிப் பார்த்து, அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பாதிப் பயிற்சியிலேயே கை நன்றாகத் திருந்திவிடும். திருந்திய கையை யார் விட்டுவைப்பார்கள்? கட்டட கான்டிராக்டர்கள் வாசலிலேயே காத்திருந்து, டீ குடிக்க வெளியே வருகிறவனை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஷெட்டின் சொந்தக்காரர் மனம் மாறினார். அரசு அங்கீகாரம் பெற்ற கூடமென்றால் இருக்கலாம், இல்லாவிட்டால் குழாய்களைக் கழற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். குழாயக்கா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

தகுதி அதிகாரி நல்ல மனிதர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, துக்கம் விசாரிப்பவர் போல அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"போன வருஷம் எத்தனை பேர் பயிற்சியை முடிச்சாங்க?"

"முடிக்கிற வரைக்கும் எங்க சார் இருக்காங்க? அதுக்குள்ள வேலை கிடைச்சுருது."

"நான் வேலையைப் பத்திக் கேக்கலைம்மா. முடிச்சாங்களான்னு கேட்டேன்."

"வேலைக்குத்தானே சார் பயிற்சி?"

"வேலை பக்கம் ஏழுல வருது," என்றார் அதிகாரி பொறுமையாக. "நாம இப்ப பக்கம் மூணுல இருக்கோம்."

பக்கம் மூன்றின்படி, பாதியில் போனவர்கள் அனைவரும் 'இடைநின்றோர்'. எதற்காகப் போனார்கள் என்று எழுத அங்கே இடம் இல்லை. குழாயக்கா உருவாக்கிய கைதேர்ந்த ஆட்கள் அத்தனை பேரும் கெட்டுப்போனவர்களின் கணக்கில் சேர்ந்தார்கள்.

கிளம்பப் போனவளுக்கு, முழுதாக முடித்தவன் ஒருத்தன் உண்டே என்று நினைவு வந்தது. அவளுடைய கொழுந்தன். தூங்குமூஞ்சி என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். கசிவைக் கேட்கக் குழாயில் காதை வைத்தால் அப்படியே தூங்கிவிடுவான். ஒரு கான்டிராக்டர் தெரியாமல் அவனை ஏற்றிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் தன் செலவிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வேறு போக்கிடம் இல்லாததால் பயிற்சியை அவன் முடித்தான். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்து உட்கார்ந்தான்.

அவனைப் பற்றிச் சொன்னதும் அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஒருநாள் கூட லீவு போடலையா?"

"அவனா? வீட்டுக்கு அனுப்புறதே பெரும்பாடு சார்."

"இந்த மாதிரி ஆளுங்களை உருவாக்குங்கம்மா. அங்கீகாரமும் நிதியும் தானா வரும்."

குழாயக்கா முதலில் வாசற்கதவைப் பூட்டிப் பார்த்தாள். மாணவர்கள் சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்தவளிடம் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, நீங்க கத்துக்கொடுக்கிறதாலதானே அவங்க போறாங்க?"

அவனை முறைத்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க, அவன் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

அன்றே குழாய்களில் தண்ணீரை நிறுத்தினாள். பாடத்திட்டம் நீண்டது. தண்ணீரின் வரலாறு ஒரு மாதம் நடந்தது. ஸ்பேனரைத் தொடும் முன் வளர்த்துக்கொள்ள வேண்டிய மனப்பான்மைக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. அந்த ஸ்பேனரையோ நிறுவனத்தின் சின்னமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வாசலில் மாட்டியாகிவிட்டது. பிளம்பர் என்ற சொல் கௌரவக் குறைவாக இருந்ததால், மாணவர்கள் 'நீரோட்டத் தீர்வு ஆலோசகர்' ஆனார்கள். எல்லோரும் கோட் போட்டுக்கொண்டார்கள். கன்னத்தில் மைக் ஒட்டிய பேச்சாளர் ஒருவர் வந்து, கசிவு குழாயில் இல்லை, உங்களுக்குள்தான் இருக்கிறது என்றார். பலர் அழுதார்கள்.

ஒருவர் விடாமல் பயிற்சியை முடித்தார்கள். கான்டிராக்டர்கள் ஆவலோடு வந்தார்கள். ஒருவர் பையிலிருந்து ஒரு வால்வை எடுத்து, இதைக் கொஞ்சம் இறுக்கு பார்க்கலாம் என்றார். மாணவன் கோட்டைச் சரிசெய்துகொண்டு, இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா என்று அவரைக் கேட்டான். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே கான்டிராக்டர் யாரும் வரவில்லை.

இப்போது பக்கம் ஏழு குறுக்கே நின்றது. முடித்தவர்களுக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். ஷெட் கைவிட்டுப் போய்விடுமே என்று குழாயக்கா கலங்கினாள். மறுபடியும் கொழுந்தன்தான் கண்விழித்தான். எல்லோரையும் நாமே பயிற்சியாளர்களாக வைத்துக்கொள்ளலாமே அண்ணி, என்றான்.

அப்படியே ஆயிற்று. முடித்தவர்கள் எல்லோருக்கும் வேலை. அவர்களிடம் படித்து முடிக்கப் போகிறவர்களுக்கும் அதே வேலை காத்திருந்தது. அதிகாரி ஆனந்தத்தில் அதை முன்மாதிரிக் கூடம் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஷெட் பிழைத்தது. தலைமைப் பயிற்சியாளர் பதவி, அனுபவ அடிப்படையில், கொழுந்தனுக்குப் போயிற்று.

அங்கீகாரம் வழங்கும் விழா அதே மாடி அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது மேடைக்கு மேலே சென்ற குழாய் வெடித்தது. தண்ணீர் அவர் தலையிலேயே கொட்டியது. அவர் பதறவில்லை. அரங்கம் முழுக்க ஆலோசகர்கள் அல்லவா?

ஓர் ஆலோசகர் எழுந்து, இதைச் சிக்கலாகப் பார்க்காமல் வாய்ப்பாகப் பார்க்க வேண்டும் என்றார். இன்னொருவர் எல்லோரையும் குழுக்களாகப் பிரித்து, நனையாத தாள்களைக் கொடுத்தார். தலைமைப் பயிற்சியாளர் மேஜை மேல் ஏறிக் குழாயில் காதை வைத்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

குழாயக்காவுக்குக் கை துறுதுறுத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வால்வை மூட ஓடினாள். அதிகாரி சொட்டச் சொட்ட நனைந்தபடி குறுக்கே வந்து நின்றார்.

"அரசுக் கட்டடத்துல சான்றிதழ் உள்ளவங்கதான் கை வைக்கணும்மா. உங்க சான்றிதழ் எங்க?"

"நான்தான் சார் சான்றிதழ் குடுக்கிறவ."

"குடுக்கிறவங்க வேற, வாங்கினவங்க வேற."

வேறு வழியில்லை. மறுநாள் குழாயக்கா தன் கூடத்திலேயே மாணவியாகச் சேர்ந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தண்ணீரின் வரலாறு ஆரம்பித்தது. கொழுந்தனைப் பார்த்து சார் என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு குனிந்து, மெதுவாகச் சொன்னான்.

"பாதியில போயிடாதீங்க அண்ணி. நம்ம கூடத்துக்குக் கெட்ட பேராயிடும்."

அலுவலகத்தில் இன்னும் ஒழுகுகிறது. ஊழியர்கள் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதற்குத் தகுதியான ஆட்கள் வேண்டுமென்று, வாளி வைக்கும் பயிற்சி ஒன்றுக்கு இப்போது ஒப்புதல் கிடைத்திருக்கிறது. சேர வந்தவர்களின் வரிசை தெருமுனையையும் தாண்டி நிற்கிறது.

அதென்ன பெரிய வித்தை, நானே வைப்பேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். இருக்கட்டும். சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?