நாய்ப்படையை அழைத்த நண்டுகள்

ஒரு காட்டில் ஒரு மந்தி. அந்த மந்தியின் விரல் மூட்டுக்குள் இன்னொரு காடு. நம் கதை நடந்தது உள்காட்டில்.

அங்கே எலும்புதான் மலை. அதன் பொந்துகளில் நண்டுகள் குடியிருந்தன. விரிசல் விட்டால் பூசிச் சரிசெய்தன. கிருமி நுழையாமல் காக்க ஒரு நாய்ப்படை. சுவர் அதிர்ந்தால் நண்டு அவசர மணியை அமுக்க வேண்டும், மணி கேட்ட இடத்தை நாய்கள் தோண்ட வேண்டும். சட்டம் அவ்வளவுதான். அதிரவைத்தது யார் என்று கேட்கவேண்டும் என்பது, சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

ஒருநாள் படைத்தலைவர் கருவாயருக்குச் சும்மா ஒரு சந்தேகம். மலையடிவாரத்தைத் தோண்டினார். மலை அதிர்ந்தது. பவழி என்ற இளம் நண்டு மணியை அமுக்கியது. பெரும்படையே வந்து இறங்கியது.

"எங்கே திருடன்?"

"திருடனே இல்லை அண்ணே! நீங்க தோண்டுறதுலதான் சுவர் ஆடுது."

"ஆடுதா? அப்போ உள்ளே ஆள் இருக்கான். தோண்டுங்கடா!"

பக்கத்துப் பொந்துகளும் ஆடின. அங்கேயும் மணி. இன்னும் நாய்கள். மூட்டு சிவந்து வீங்கியது. வெளியே மந்தியால் விடிந்ததும் கிளையைப் பிடிக்க முடியவில்லை. "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்றார் மாமியார் மந்தி.

"முடக்குவாதம்" என்றார் கரடி வைத்தியர். மருந்து கொடுத்து நாய்களுக்கு வாய்ப்பூட்டு போட்டார். கடி குறைந்தது; மணி ஓயவில்லை. பூட்டு தளரும்போதெல்லாம் படை மறுபடி பாய்ந்தது.

"நாம கூப்பிடுறதாலதானே வர்றாங்க? நிறுத்துங்க!" என்று பவழி கத்தியது.

"சும்மா இரு புள்ள" என்றார் நண்டுகளின் தலைவர். "வீடு இடியும்போது புகார் கொடுக்கலேன்னா, நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"இடிக்கிறவங்ககிட்டயேவா கொடுப்பீங்க?"

"பின்னே? அவங்கதானே டூட்டியில இருக்காங்க!"

இதற்குமேல் என்ன பேசுவது? பவழி போய், எல்லாப் பொந்துகளுக்கும் பொதுவான மணிக்கம்பியைக் கொடுக்கால் நறுக்கியது.

மணி நின்றது. நாய்கள் காதைத் தூக்கிப் பார்த்தன, கொட்டாவி விட்டன, கலைந்தன. வீக்கம் வடிந்தது. மலையில் பாதிதான் மிச்சம். ஆனாலும் மந்தி கிளையைப் பிடித்துவிட்டது.

மறுவாரம் கருவாயருக்குப் பாராட்டு விழா: விடாமல் தோண்டி அமைதியை நிலைநாட்டியவராம். மாலை போட்டது நண்டுகளின் தலைவர். பவழி மீது அரசு மணியைச் சேதப்படுத்திய வழக்கு. விசாரணை அதிகாரி கருவாயர்தான்.

நீதி: உங்கள் வீட்டை இடிப்பவரிடமே தவறாமல் புகார் கொடுங்கள். வீடு போனாலும் நல்ல பெயர் நிற்கும்.